துணி கட்டிய காய்

எங்கள் அம்மிச்சி வீட்டுப் பொடக்காலியில் ஓர் அவரைப் பந்தல் இருந்தது. அம்மிச்சி என்றால் அம்மாவைப் பெற்றவள். பொடக்காலி என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புழக்கடை. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் பாயும் பூமி. வயலில் நெல், மஞ்சள், கரும்பு என்று மாறி மாறி விளையும். ஆனால் வீட்டுக் குழம்புக்கு வேண்டிய காய் எல்லாம் பொடக்காலியில்தான். பாத்திரம் கழுவிய தண்ணீர் சலதாரை வழியாகப் போய் வாழைக்குப் பாயும். வாழை குடித்தது போக மிஞ்சும் ஈரத்தில் சேம்பு. கல்தொட்டி ஓரத்தில் கறிவேப்பிலை. வேலியில் பீர்க்கு, கூரைமேல் சுரையும் பூசணியும், நடுவில் அந்தப் பந்தல்.

அரைப் பரீட்சை லீவுக்கு நான் போகும்போது மார்கழி பிறந்திருக்கும். அவரை பூத்துக் காய்க்கத் தொடங்கும் நேரம். காலையில் அம்மிச்சி கூடையோடு பந்தலுக்குள் குனிந்து போவாள், நான் பின்னாலேயே போவேன். இலையெல்லாம் பனியில் நனைந்திருக்கும். அவரை இலைக்கும் காய்க்கும் ஒரு வாசம் உண்டு. பச்சையும் எண்ணெயும் கலந்த மாதிரி, விரலில் ஒட்டிக்கொண்டால் சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. காய் தட்டையாக, வெளிறிய பச்சையில் இருக்கும். ஓரத்தில் மட்டும் பென்சிலால் இழுத்த மாதிரி ஓர் ஊதாக் கோடு ஓடும்.

எனக்கு அப்போது 7 வயது. கொத்துக் கொத்தாகத் தொங்கும் காயில் எது பெரியது என்று பார்த்துத்தான் கை போகும். அன்று அகப்பட்டது நல்ல நீளமான, திரண்ட காய். காம்புக்குப் பக்கத்தில் பழைய சேலையின் சிவப்புக் கரை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்துக் கட்டியிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. இழுக்கப் போனவளின் கையை அம்மிச்சி பிடித்துக்கொண்டாள்.

"அதத் தொட்டறாத கண்ணு. அது வெதைக்கு."

"இதுதான பெருசா இருக்குது அம்மிச்சி?"

"பெருசா இருக்கறதுனாலதான் அது வெதைக்கு. இருக்கறதுலயே நல்ல காயத் தின்னுபோட்டா, அடுத்த வருசம் சொத்தக் காயத்தான் திங்கோணும்."

அந்த லீவு முழுவதும் பந்தலில் எத்தனை சிவப்புத் துணி இருக்கிறது என்று எண்ணுவதே எனக்கு வேலை. அம்மிச்சி முதலில் காய்த்த காய்க்கும் கட்டமாட்டாள், கடைசியில் காய்க்கிற காய்க்கும் கட்டமாட்டாள். கொடி நல்ல தெம்பாக இருக்கும் நடுவாந்திரத்தில்தான் பார்த்துப் பார்த்துக் கட்டுவாள். நோய் விழுந்த கொடியில் எவ்வளவு பெரிய காய் தொங்கினாலும் அதற்குத் துணி கிடையாது.

அந்தக் காய்கள் மாசி வரைக்கும் கொடியிலேயே கிடந்து, மஞ்சளாகி, பழுப்பாகி, காற்றடித்தால் கலகலவென்று சத்தம் போடும். அப்புறம் பறித்து உரித்தால் கறுத்த விதை, ஓரத்தில் வெள்ளை வெளேரென்று மூக்கு வைத்த மாதிரி ஒரு வரி. விதையைச் செம்மண் குழம்பில் பிரட்டி, வெயிலில் காயப்போட்டு, மண்கலயத்தில் கொட்டி வாயைத் துணியால் கட்டி அடுக்களைப் பரண்மேல் வைத்துவிடுவாள். செம்மண் பூசிய பயறு வகையில் வண்டு விழாது. கத்திரி, மிளகாய் விதைகளுக்குச் சாம்பல். பீர்க்கை விதை எடுப்பதே இல்லை; முற்றிக் காய்ந்த கூட்டோடு அப்படியே தொங்கவிட்டிருப்பாள், வேண்டும்போது நுனியை உடைத்துத் தட்டினால் விதை கொட்டும். ஆனி மாதம் முடியப் போகும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வருவார்கள். ஒரு கை அவரை விதை கொடுத்து ஒரு கை வெண்டை விதை வாங்கிக்கொள்வார்கள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது எங்கள் ஊரில் பழமொழி மாதிரி இருக்காது. நாளைக்குச் சந்தை என்பது போல ஒரு தகவலாகத்தான் அதைச் சொல்வார்கள்.

ஏறக்குறைய 35 வருஷமாக நான் ஏதாவது ஒரு செடியை வளர்த்துக்கொண்டிருக்கிறேன். தோட்டம் உனக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று யாராவது கேட்டால் பொறுமை என்று சொல்லிவிடலாம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். பொறுமை, ரயிலுக்குக் காத்திருந்தாலும் வந்துவிடும். எனக்குத் தோட்டம் கற்றுக்கொடுத்தது அந்தச் சிவப்புத் துணிதான். கைக்கு எட்டிய நல்லதை எடுக்காமல் விடுவது. அதைப் பழகிக்கொள்ள எனக்குப் பாதி ஆயுள் ஆனது.

கல்யாணமாகிக் கோயமுத்தூர் வந்தபோது வாடகை வீடு, இரண்டு அறை. பெயிண்ட் டப்பாவில் ஓட்டை போட்டுக் கறிவேப்பிலையும் துளசியும் வைத்தேன். அம்மிச்சி 1994-ல் போய்ச் சேர்ந்தாள். அந்த வீடு பங்கு பிரிந்து, பொடக்காலியில் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டார்கள். பரண்மேல் இருந்த கலயங்கள் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் அன்று அதைக் கேட்கத் தோன்றவில்லை. அந்தத் துக்கத்தில் விதையை யார் நினைப்பார்கள்? ஆனால் இன்றுவரை மனசை அரிக்கிறது.

சொந்த வீடு கட்டியதும் மொட்டைமாடி கிடைத்தது. அரிசிச் சாக்கு, உடைந்த பிளாஸ்டிக் குடம், பாதியாக அறுத்த டிரம் என்று கிடைத்ததிலெல்லாம் மண் நிரப்பினேன். வெறும் செம்மண்ணை நிரப்பியதில் அது இறுகி, மேலே ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடும். நடுவில் வேர் காய்ந்து கிடக்கும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவை அழுத்திச் செங்கல் மாதிரி 5 கிலோக் கட்டியாக விற்பார்கள். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போக இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்து, மண்ணோடும் மக்கிய சாணத்தோடும் கலந்த பிறகுதான் செடி நின்றது. அலசாமல் போட்டால் இலை ஓரம் கருகிவிடும், புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. 2013 வாக்கில் அரசாங்கமே சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் விதை, பை, நார்க்கழிவு எல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பாகக் கொடுத்தது. அதற்கப்புறம் எங்கள் தெருவில் மாடிக்கு மாடி பச்சை.

தொடக்கத்தில் கடை விதைதான். பளபளவென்று படம் போட்ட பாக்கெட்டில் கலப்பினத் தக்காளி வாங்கிப் போட்டேன். அடேயப்பா, என்ன காய்ப்பு! ஒரே அளவில், ஒரே நிறத்தில், குச்சி தாங்கவில்லை. அம்மிச்சி ஞாபகத்தில் இருப்பதிலேயே நல்ல பழத்துக்குத் துணி கட்டினேன். பழுத்ததும் பிழிந்து, இரண்டு நாள் புளிக்கவிட்டு, வழவழப்புப் போக அலசிக் காயவைத்து எடுத்த விதை. அடுத்த பட்டத்தில் பத்துச் செடி வளர்த்தால் பத்தும் பத்து மாதிரி. ஒன்று கோலிக்குண்டு, ஒன்று கோணல், ஒன்று காய்க்கவே இல்லை. இரண்டு வேறு வேறு வழித் தாய் தகப்பனைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை அப்படி ஒன்றுபோலக் காய்க்கும். அதன் பிள்ளைகள் ஆளுக்கொரு பாட்டன் பாட்டியைக் கொண்டு பிறக்கும். விற்பதற்காக விளைவிக்கிற விவசாயிக்கு அந்த விதை வேண்டியிருக்கலாம், அதை நான் குறை சொல்லவில்லை. வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டாம் என்பது என் தீர்மானமான எண்ணம். வருஷா வருஷம் கடைக்குப் போக வேண்டிய செடியோடு உறவு வைத்துக்கொள்ள முடியாது.

நான் செய்த பெரிய தப்பு அதற்கும் முந்தியது. 2008-ல் கோயமுத்தூரில் பப்பாளி வைத்திருந்தவர்களுக்கு அந்த வருஷம் மறக்காது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்தைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் கண்ணில் பட்டது எங்கள் ஊரில்தான். வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே இருந்த மூன்றடிச் சந்தில் என் பப்பாளி நின்றது. முதலில் இலையின் அடியில் சுண்ணாம்புத் துளி தெறித்தது போல ஒன்றிரண்டு வெள்ளை. பத்து நாளில் காய் முழுக்கப் பஞ்சு. ஒரு மாதத்தில் செம்பருத்தி, கத்திரி எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. அதன் உடம்பிலிருந்து வடியும் இனிப்புக்கு எறும்பு வரிசை வரிசையாகக் காவல் நிற்கும். இலை மேலெல்லாம் கரும்பூஞ்சை படிந்து புகை பிடித்த அடுப்பங்கரை மாதிரி ஆகிவிட்டது.

நான் பொறுக்கவில்லை. கடையில் இருப்பதிலேயே கடுமையான மருந்தைக் கேட்டு வாங்கி அடித்தேன். மறுநாள் காலையில் மாடிக்குப் போனால் ஒரு சத்தமும் இல்லை. தரையில் பொறிவண்டுகள் கவிழ்ந்து கிடந்தன. பீர்க்கம்பூ சாயங்காலம் விரிகிற பூ. அந்த நேரத்துக்கு வழக்கமாக வரும் தேனீ ஒன்றுகூட அன்று வரவில்லை, அதற்கப்புறம் ரொம்ப நாள் வரவில்லை. பெண்பூக்கள் பிஞ்சோடு மஞ்சளாகி உதிர்ந்தன. ஆனால் மாவுப்பூச்சி? மேலே மெழுகுப் போர்வை இருப்பதால் அடியில் இருந்ததற்கு மருந்து எட்டவே இல்லை. மூன்று வாரத்தில் முன்னைவிட அதிகமாக வந்தது.

அப்புறம் கையால் நசுக்கத் தொடங்கினேன். அதில் கொஞ்சம் பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டு, மற்றதைவிட வேகமாக ஊர்ந்து போன சிலவற்றைத் தேடித் தேடி நசுக்கினேன். தாய்ப்பூச்சி என்று நினைத்துவிட்டேன். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த தெரிந்த அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தபோது காட்டினேன். அவர் ஒன்றைத் தாளில் எடுத்து வைத்து, பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். "இது மாவுப்பூச்சி இல்லம்மா. பொறிவண்டுப் புழு. மாவுப்பூச்சியத் தின்னறதுக்கு வந்தது, அதே மாதிரி வேசம் போட்டிருக்குது" என்றார். பஞ்சுக்கு அடியில் ஆறு கால், ஒரு வாய், அந்த வாயில் பாதி தின்ற மாவுப்பூச்சி. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பப்பாளியை வெட்டிவிட்டேன். 2010-ல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் வழியாகப் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தார்கள். பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கிக் காட்டுக்குக் காடு விட்டது. அதில் நன்றாக வேலை செய்த குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டில் ஓட்டை போட்டு வெளியே வரும். என் மாடிக்கு யாரும் கொண்டுவந்து விடவில்லை. அடுத்த வருஷம் செம்பருத்தி இலையைத் திருப்பிப் பார்த்தேன். மாவுப்பூச்சிகள் பழுப்பு நிறத்தில் உப்பிக் காய்ந்து கிடந்தன, ஒவ்வொன்றின் முதுகிலும் ஊசி குத்திய அளவுக்கு ஓர் ஓட்டை. தானாகவே பறந்து வந்து, வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தது.

அதற்கப்புறம் நான் மருந்து அடித்ததில்லை. வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கலந்து அளவாகத் தெளிப்பேன், அதுவும் எல்லாச் செடிக்கும் இல்லை. அவரையில் அசுவினிப் பூச்சி விழும், கொழுந்தெல்லாம் கறுப்பாக அப்பிக்கொள்ளும். மற்றக் கொடிகளில் கழுவிவிடுவேன், ஓரமாக இருக்கும் ஒரு கொடியை மட்டும் விட்டுவிடுவேன். அசுவினி இருந்தால்தான் பொறிவண்டு தங்கும், முட்டை வைக்கும். அந்தக் கொடியின் காம்பிலும் ஒரு சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன், வீட்டுக்காரர் தெரியாமல் கழுவிவிடக் கூடாதே என்று. பூச்சிக்கும் விதைக்கென்று கொஞ்சம் விட வேண்டும் என்பது அம்மிச்சி சொல்லாதது. ஆனால் அவள் பந்தலில் மருந்து வாசம் நான் அறிந்ததே இல்லை.

அவரைக்கு வருகிறேன். 2012 மாசியில் அந்தியூர்ப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்திக்கு முன்னால் காற்றாட நடந்தபோது ஒரு வேலியில் காய்ந்த அவரைக் கொடி. கடைசியாகப் பிஞ்சு விட்டிருந்த இரண்டு மூன்று காய், ஓரத்தில் ஊதாக் கோடு. நெஞ்சு அடித்துக்கொண்டது. திண்ணையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த பாட்டியிடம் போய், இந்த விதை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். எங்கள் அம்மிச்சி பேரும் ஊரும் சொன்னேன்.

"எங்கூட்டு வெதையில்ல அம்முணி. ஆரோ குடுத்தாங்க. ஆரு குடுத்தாங்கன்னு நெனப்பில்ல. நாம் பாட்டுக்கு வருசாவருசம் போட்டுட்டு வர்றேன்" என்றார். எழுந்து உள்ளே போய் ஒரு கை நிறையக் கொண்டுவந்து என் முந்தானையில் கொட்டினார். செம்மண் பூசிய விதை. எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். கறுப்பு, ஓரத்தில் வெள்ளை மூக்கு.

அதே விதைதானா என்று எனக்குத் தெரியாது. ஊதா ஓரமுள்ள அவரை நம் நாட்டில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. ஆனால் அவரை பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், அதனால் கைமாறிக் கைமாறிப் போனாலும் குணம் லேசில் மாறாது. யாரோ ஒருவர், ஒரு பந்தலில், நல்ல காயைத் தின்னாமல் விட்டிருக்கிறார். அது அம்மிச்சியாக இருந்தாலும் சரி, வேறு யாராவது அம்மிச்சியாக இருந்தாலும் சரி.

வீட்டுக்கு வந்ததும் ஆவல் தாங்காமல் பங்குனியிலேயே ஊன்றிவிட்டேன். கொடி என்றால் கொடி, தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, டிவிக் குடையைச் சுற்றி, பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவர் வரைக்கும் போனது. பூ மட்டும் இல்லை. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி... பஞ்சகவ்யம் தெளித்தேன், மீன் கரைசல் ஊற்றினேன், கொழுந்தைக் கிள்ளினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஐப்பசி நடுவில் ஒரு காலை, எல்லாக் கணுவிலும் ஒரே சமயத்தில் ஊதா மொட்டு.

அவரை பொழுதை அளக்கிற செடி. பழைய பந்தல் அவரைக்கு இரவு நீண்டால்தான் பூக்கத் தோன்றும். எப்போது போட்டாலும் காய்க்கும் குத்து அவரை ரகங்கள் பின்னால் வந்தவை. எங்கள் கோவையில் ஆனி மாதத்து நீண்ட பகலுக்கும் மார்கழி மாதத்துக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 75 நிமிஷம்தான். எனக்கும் உங்களுக்கும் கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூடுதல் குறைச்சலை அது இலையால் உணர்ந்து வைத்திருக்கிறது. ஆடியில் போட்டால் கொடி வளர்ந்து முடியும் நேரமும் இரவு நீளும் நேரமும் சரியாக ஒன்றுசேரும். நான் ஏழு மாதம் தண்ணீர் ஊற்றியதற்கும், ஆடியில் போட்ட பக்கத்து வீட்டு அக்கா மூன்றரை மாதம் ஊற்றியதற்கும் ஒரே நாளில்தான் பூத்தது.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாட்டுக்கு வழக்கமான மழையில் 62 சதவீதம் குறைவு. மறு வருஷக் கோடையில் சிறுவாணி வறண்டு, எங்கள் தெருக் குழாயில் 15 நாளைக்கு ஒருமுறை தண்ணீர். மாடியில் 60 பை. "செடிக்கு ஊத்தற தண்ணியில ரெண்டு குண்டா வெளக்கலாமே" என்று வீட்டுக்காரர் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. அரிசி களைந்த தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும் ஒரு நாளைக்கு ஒரு வாளி தேறும். அதை வைத்துக்கொண்டு யாரைக் காப்பாற்றுவது?

துணி கட்டியிருந்த செடிகளை மட்டும் நிழலுக்கு நகர்த்தினேன். ஒரு முள்ளுக்கத்திரி, ஒரு நாட்டுத்தக்காளி, இரண்டு மிளகாய். மற்றதையெல்லாம் விட்டுவிட்டேன். மூன்று வருஷமாகக் காய்த்த செடிமுருங்கை கண்ணெதிரே சருகாகியது. கத்திரிக்காய் மஞ்சளாகப் பழுத்து, தோல் சுருங்கி, விதை எடுக்கிற பக்குவம் வர 40 நாள் ஆனது. அந்த 40 நாளும் வீட்டில் கடைக் கத்திரிக்காய்தான் வாங்கிச் சமைத்தோம். செடியில் தொங்கிய அந்த ஒற்றைக் காயைப் பறிக்க யாருக்கும், வீட்டுக்காரருக்கும், கை போகவில்லை. அந்தக் காயின் விதை வழியில் வந்த செடிகள்தான் இன்றும் மாடியில் நிற்கின்றன.

போன தை மாதம் அவரையில் ஏழு காய்க்குத் துணி கட்டினேன். ஒன்றை அணில் கொண்டுபோய்விட்டது. ஆறு காயில் 26 விதை தேறியது. பத்து, கீழ்வீட்டில் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண்ணுக்கு. பால்கனிதான் இருக்கிறது, கம்பியில் ஏற்றிக்கொள்கிறேன் என்றாள். ஆறு, அந்தியூருக்கு, அந்தப் பாட்டி இப்போது இல்லை, மருமகள் இருக்கிறார், இரண்டு வருஷமாக வேலியில் கொடி இல்லையாம், போனில் கேட்டார். நாலு, செம்மண் பூசி ஹார்லிக்ஸ் பாட்டிலில். எல்லாம் போய்விட்டால் என்று ஒரு பயத்துக்கு.

மிச்சம் ஆறு எனக்கு. டிரம்மில் மண்ணைக் கிளறி, எரு போட்டு, ஒரு வாரமாக வெயில் காட்டி வைத்திருக்கிறேன். பந்தல் கயிறு பழசாகிவிட்டது, புதிது கட்ட வேண்டும். நாளன்றைக்கு ஆடி பிறக்கிறது. நாளை ராத்திரி விதையை ஊறப்போட வேண்டும்.